மலைவீட்டுக்கு டிராம்போலின்: தோட்டத்தில் பெரியதா, கூடத்தில் சிறியதா?

கறுப்பு மேட், நீல ஓரம், சுற்றிலும் வலை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஹோம்ஸ்டே புல்வெளிகளில் மட்டும் கண்ணில்பட்ட டிராம்போலின் இப்போது சாதாரண வீட்டு முற்றங்களுக்கும் வந்துவிட்டது. வாங்க நினைப்பவர்களிடம் ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஆடட்டும் என்பது ஒன்று. "குதிச்சா உடம்புக்கு ரொம்ப நல்லதாமே, ஓடுறதைவிட மேலாமே" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயம்தான். ஆனால் முதல் காரணத்துக்கு ஏற்ற டிராம்போலின் வேறு, இரண்டாவது காரணத்துக்கு ஏற்றது வேறு. சமவெளியில் ஒன்றை வாங்கி இரண்டுக்கும் சமாளித்துக்கொள்ளலாம். மலையில் அது கஷ்டம். இங்கே எதை வாங்கலாம் என்பதை நம் விருப்பத்துக்கு முன்னால் வீட்டு நிலமே பாதி முடிவுசெய்துவிடுகிறது.

நமக்கு இருக்கிற வழிகள் நான்கு. பத்து, பன்னிரண்டு அடி விட்டத்தில் கால் வைத்த தோட்ட டிராம்போலின். குழி வெட்டித் தரைமட்டத்தில் பதிப்பது. வீட்டுக்குள் வைக்கிற மூன்று, மூன்றரை அடிச் சிறிய டிராம்போலின், அதாவது ரெபவுண்டர். எதையும் வாங்காமல் கயிறு தாண்டுவது, மேடு ஏறி நடப்பது. கடைசி வழியைக் கடைக்காரர் சொல்லமாட்டார், அதனால் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

உடம்புக்கு என்ன கிடைக்கிறது?

ஓட்டத்தைவிட 68 சதவீதம் மேல் என்றொரு கணக்கு விளம்பரங்களில் சுற்றுகிறது. பக்கத்திலேயே நாசா பெயரும் இருக்கும். இந்தக் கணக்கு பிறந்த இடம் 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வு. 8 இளைஞர்களை ஓடவும் டிராம்போலினில் குதிக்கவும் வைத்து, கணுக்கால், முதுகு, தலை என்று மூன்று இடத்தில் உடம்பு எவ்வளவு குலுங்குகிறது, கூடவே எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். ஓடும்போது கணுக்காலில் விழும் குலுக்கல், முதுகிலும் தலையிலும் விழுவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. குதிக்கும்போது மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. அதாவது பாரம் கணுக்காலில் மட்டும் குவியாமல் உடம்பு முழுக்கப் பரவுகிறது. முழங்காலும் கணுக்காலும் தொல்லை கொடுக்கிறவர்களுக்கு இது நல்ல செய்திதான். எடை 68 சதவீதம் வேகமாகக் குறையும் என்று யாரும் அந்த ஆய்வில் சொல்லவில்லை.

கலோரிக் கணக்குக்கு 2016இல் அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சில் செய்வித்த ஆய்வு பயன்படும். கல்லூரி மாணவ மாணவியர் 24 பேர் சிறிய டிராம்போலினில் 19 நிமிடப் பயிற்சி செய்தார்கள். ஆண்களுக்கு நிமிடத்துக்கு 12.4 கலோரி, பெண்களுக்கு 9.4 கலோரி செலவானது. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். அவ்வளவு உழைத்தும் அவர்களுக்கு அது கடினமாகத் தோன்றவில்லை என்பதுதான் சுவையான விஷயம். ஓடப் பிடிக்காதவர்கள் குதிக்கச் சம்மதிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் இதெல்லாம் நிறுத்தாமல், திட்டமிட்டுச் செய்யும் பயிற்சிக்கான கணக்கு. சும்மா உட்கார்ந்திருப்பதை 1 என்று வைத்து ஒவ்வொரு வேலைக்கும் எண் கொடுக்கும் பட்டியல் ஒன்று உடற்பயிற்சி ஆய்வாளர்களிடம் உண்டு. அதில் பொழுதுபோக்காக டிராம்போலினில் ஆடுவதற்கு 3.5, போட்டிக்காரர்களின் குதிப்புக்கு 10.3, நடுத்தர வேகத்தில் கயிறு தாண்டுவதற்கு 11.8. தோட்டத்தில் இரண்டு குதி குதித்து, சிரித்து, வலையில் சாய்ந்து நிற்பது அந்த 3.5 ரகம். வேகமாக நடப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உடல்நலத்துக்காகப் பெரிய டிராம்போலின் வாங்குகிறேன் என்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எலும்புக்கு நல்லது என்ற பேச்சிலும் ஒரு திருத்தம் உண்டு. எலும்பு வலுவாவதற்குத் தரையின் அதிர்ச்சி உதவுகிறது. 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 25 முதல் 50 வயதுப் பெண்கள் தினம் இரண்டு வேளை, வேளைக்கு 10 அல்லது 20 தடவை, ஒவ்வொரு குதிக்கும் நடுவில் அரை நிமிடம் விட்டுக் கடினமான தரையில் குதித்தார்கள். 16 வாரத்தில் இடுப்பெலும்பின் அடர்த்தி கூடியது. டிராம்போலின் அந்த அதிர்ச்சியைத்தானே குறைக்கிறது? முழங்காலுக்கு அனுகூலமாக இருக்கும் அதே குணம் எலும்புக்கு அவ்வளவு உதவாது. மூட்டு நன்றாக இருந்து, எலும்புதான் கவலை என்றால், போர்ட்டிகோவில் ஒரு கயிறு போதும். செலவு நூறு இருநூறு ரூபாய்.

வயதானவர்கள் விஷயம் வேறு. சிறிய டிராம்போலினில் 14 வாரம் பயிற்சி செய்த முதியவர்கள், முன்பக்கம் சாயும்போது விழாமல் காலை எடுத்துவைத்துச் சமாளிப்பதில் முன்னேறினார்கள் என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. பாசி பிடித்த படியும் சரிவான சந்துமாக இருக்கும் நம் ஊர்களில் இதற்குத் தனி மதிப்பு. படிக்கட்டு இல்லாத வீட்டை இங்கே எங்கே தேடுவது?

நிணநீரைச் சுத்தம் செய்யும், நச்சை வெளியேற்றும் என்பதை அப்படியே விட்டுவிடலாம். தசை அசைந்தால் நிணநீர் ஓடும், அதற்கு நடந்தாலே போதும். விற்பனையாளர்கள் பேசாத இன்னொன்றைச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு தும்மினாலோ சிரித்தாலோ சிறுநீர் கசியும் தொல்லை இருக்கும் பெண்களுக்குக் குதிப்பது அதை அதிகப்படுத்தும். வெட்கப்பட்டுக்கொண்டு வாங்கியதை மூலையில் சாத்திவைப்பதைவிட, முதலில் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டு இடுப்படித் தசைக்கான பயிற்சியை ஆரம்பிப்பது மேல். கர்ப்பிணிகள், விழித்திரைக் கோளாறோ தலைசுற்றலோ உள்ளவர்கள், எலும்பு மிகவும் தேய்ந்தவர்கள் கேட்காமல் ஏறவே வேண்டாம்.

உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் முக்கால் பங்கும் கொஞ்சமும்தான் இங்கே. நமக்குப் பழகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வரும் மச்சான் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கினால் கேலி செய்ய வேண்டாம்.

பெரியது வைக்க இடம் இருக்கிறதா?

இங்கேதான் பெரும்பாலானவர்களின் முடிவு தீர்ந்துபோகும். பத்தடி டிராம்போலின் என்றால் பத்தடி இடம் போதும் என்று நினைக்கிறார்கள். சுற்றிலும் ஆறரை அடி காலியாக இருக்க வேண்டும்: சுவர், கம்பி வேலி, ரோஜாத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி எதுவும் கூடாது. ஆக, பக்கத்துக்கு 23 அடி தட்டையான சதுரம். மேலே 24 அடி வரை மரக்கிளையோ மின்கம்பியோ இருக்கக் கூடாது. மலையில் 23 அடிக்கு 23 அடி தட்டையான இடம் வைத்திருப்பவர் பெரும்பாலும் அதில் ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருப்பார்!

தட்டையா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. சரிவிலேயே பிறந்து வளர்ந்த கண்ணுக்குச் சின்னச் சரிவு தெரியாது. கொத்தனாரைக் கூப்பிட்டு டியூப் லெவல் வைத்துப் பாருங்கள், அல்லது நீளமான பலகையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பத்தடிக்கு அரையடி இறங்கினால் அது மூன்று டிகிரி. அதற்கு மேல் சரிவு இருந்தால் ஒவ்வொரு குதியிலும் ஆள் கீழ்ப்பக்கம் நகர்ந்துகொண்டே போவார். சரிசெய்வதற்கு இறக்கத்துப் பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்குகிறவர்கள் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள், குதிக்கிற அதிர்ச்சியில் செங்கல் நழுவும். மேட்டுப்பக்கத்து மண்ணைக் கொஞ்சம் செதுக்கிக் காலை இறக்குவதுதான் சரி.

அப்புறம் தடுப்புச்சுவர். நம் வீட்டு முற்றங்களில் பாதி, சுவர் கட்டி மண் நிரப்பி எடுத்த இடம். நிரப்பிய மண் மழைக்கு அமுங்கும். கார்த்திகை மழை முடிந்ததும் நான்கு காலில் ஒன்று மட்டும் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும். சுவரின் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்தால், வலையைத் தாண்டி விழும் பிள்ளை புல்லில் விழாது, பத்தடி கீழே அடுத்த வீட்டுக் கூரையில் விழும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் சரிந்த மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தடுப்புச்சுவரை எவ்வளவு நம்பலாம் என்று நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

குழி வெட்டிப் பதிக்கும் வழியை இங்கேயே முடித்துவிடுகிறேன். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது, விழும் உயரமும் குறைவு. ஆனால் நடுவில் மூன்றடி ஆழம் வேண்டும், சுற்றி மண் சரியாமல் கட்ட வேண்டும், தண்ணீர் வடிய வழி வேண்டும். நீலகிரியில் மண் வெட்டும் இயந்திரத்தை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. அவ்வளவும் செய்து முடித்தாலும் முதல் பெருமழையில் அது குளம். சரிவில் வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரைத் தேக்கிவைப்பது யாருக்கும் நல்லதல்ல. வேண்டாம்.

மழை, காற்று, வெயில், காட்டெருமை

எந்த மாதங்களில் பயன்படுத்த முடியும் என்பது ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மறந்துவிடலாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கோத்தகிரிக்குத் தொட்டபெட்டா மறைப்பதால் ஆடி மழை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். கொடைக்கானலுக்கும் அந்த மாதங்கள்தான் கனம். ஊட்டிக்கு இரண்டு மழையும் உண்டு. டிசம்பர் பிறந்தால் தலைக்குந்தா மாதிரிப் பள்ளங்களில் உறைபனி. காலை ஒன்பது மணி வரைக்கும் மேட் வழுக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கோத்தகிரிக்காரருக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மே வரை, கூடவே நடுவில் கிடைக்கும் சில வெயில் வாரங்கள். ஊட்டிக்கு மேற்கே இருப்பவருக்கு அதுவும் சுருங்கும்.

வலை கட்டிய டிராம்போலின் காற்றுக்குப் பாய் விரித்த படகு மாதிரி. ஐம்பது அறுபது கிலோ எடை இருக்கிறது என்று அசட்டையாக இருக்கக் கூடாது. ஆடிக் காற்றில் அடுத்த தோட்டத்துத் தேயிலைமேல் கிடக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். கால்களைத் தரையோடு பிடிக்கும் ஆணிகளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், பல பெட்டிகளில் அது வருவதில்லை. பெருமழைக் காலத்தில் ஊறிய மண்ணில் ஆணியும் பிடிக்காது. ஆகவே காற்றுக் காலத்துக்கு முன்னால் வலையையாவது கழற்றிவிட வேண்டும். வலை இல்லாதபோது யாரும் ஏறக் கூடாது, ஆகையால் மேட்டையும் சேர்த்துக் கழற்றுவதே உத்தமம். கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடியில் வைக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

குளிர் ஊர்தானே, வெயிலில் என்ன கெடப்போகிறது என்று தோன்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. நம் முகம் கருக்கும் அதே வெயிலில் வலையும் ஓரத்துப் பேடும்தான் முதலில் நொறுங்கும். பார்க்க முழுதாக இருக்கும், விரலால் இழுத்தால் பொடியாக உதிரும். பனிமூட்டம் ஸ்பிரிங்கை ஈரமாகவே வைத்திருப்பதால் துருவும் சீக்கிரம் வரும். சட்டத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் துத்தநாகப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். குழாயின் உள்பக்கமும் பூசியிருந்தால் இன்னும் நல்லது.

காட்டெருமை இரவில் முற்றத்துக்கு வருவது குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் செய்தியே அல்ல. தொங்கும் வலையும் கொம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்: விலங்குக்கும் ஆபத்து, விடுவிக்கப் போகிறவருக்கும் ஆபத்து. சாயங்காலம் வலையைச் சுருட்டி மேலே கட்டிவைக்கும் பழக்கம் வேண்டும். கரடி, சிறுத்தை நடமாடும் பகுதியில் இருட்டிய பிறகு பிள்ளைகளை வெளியே ஆடவிட முடியாது. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். பள்ளி விட்டு நான்கு மணிக்கு வரும் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம்.

இவ்வளவுக்கும் பிறகு இடம் இருக்கிறது, பராமரிக்கவும் தயார் என்றால் சரி, வாங்கலாம். ஆனால் ஒரு விதியில் விட்டுக்கொடுக்கக் கூடாது: ஒரு நேரத்தில் ஒருவர். வீட்டு டிராம்போலினே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் மறுபடியும் சொன்னபோது எடுத்துக்காட்டிய கணக்கு இது. காயங்களில் நான்கில் மூன்று பங்கு, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து குதிக்கும்போது நடக்கின்றன. அதிலும் எடை குறைந்த பிள்ளைக்கு அடிபடும் வாய்ப்பு 14 மடங்கு வரை அதிகம். பெரியவர் இறங்கி அமுக்கிய மேட் மறுபடி மேலே எழும்பும். அப்போது சின்னக் கால் அதில் பட்டால், விழாமலேயே முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் விழலாம். அப்பா மடியில் தூக்கிக்கொண்டு குதிக்கிற காட்சி வீடியோவுக்கு நன்றாக இருக்கும். அதைச் செய்ய வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழே ஏற்றவே வேண்டாம். குட்டிக்கரணம் கூடாது, கழுத்தெலும்பு முறிவது பெரும்பாலும் அதில்தான். வலை இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். வலை கட்டியதால் காயம் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் அந்தச் சங்கம் சொல்கிறது. விழுவதைத் தடுக்கலாம், மோதிக்கொள்வதை வலை எப்படித் தடுக்கும்?

கூடத்தில் வைக்கும் சின்னது

ரெபவுண்டரைப் பார்த்தால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். நியாயம்தான், அதில் ஆறு அங்குலத்துக்கு மேல் எழும்ப முடியாது, எழும்பவும் கூடாது. ஆனால் மேலே சொன்ன கலோரிக் கணக்கும் முதியவர்களின் சமநிலைப் பயிற்சியும் இதன்மேல் நடந்தவைதான். ஜூலை மழையிலும் இருபது நிமிடம் நடக்கும். விலை சில ஆயிரம் ரூபாய், பெரியது அதைப்போலப் பல மடங்கு. வண்டி நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு நூறு படி இறங்க வேண்டியவர்களுக்கு இன்னொரு லாபம், ஒரே ஆள் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

பார்க்க வேண்டியது கூரை உயரம். சட்டம் முக்கால் அடி, எழும்புவது அரையடி, அதன்மேல் உங்கள் உயரம், தலைக்கு மேலே ஓரடி. ஐந்தரை அடி ஆளுக்கு எட்டடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். புது வீடுகளில் கவலையில்லை. எஸ்டேட் லைன் வீட்டிலும் தகரம் சாய்த்த அறையிலும் நடுவில் நின்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய பங்களாக்களின் மரத்தரை அதிரும், கீழ்வீட்டார் கேட்பார்கள். ரெட் ஆக்சைடு தரையில் கால் வழுக்கும் என்பதால் ரப்பர் விரிப்பு ஒன்று கீழே போட வேண்டும். ஸ்பிரிங் வைத்தது மலிவு, கொஞ்சம் விறைப்பு, கிறீச்சிடும். எலாஸ்டிக் கயிறு வைத்தது விலை கூடுதல், மெத்தென்று இருக்கும், சத்தம் குறைவு. முழங்கால் வலிக்காரர்கள் கயிற்று ரகத்துக்கே செலவழிக்கலாம். அறுபது தாண்டியவர்களுக்குப் பிடிகம்பி கட்டாயம். குளிருக்குப் போட்ட கம்பளி சாக்ஸோடு ஏறாதீர்கள், வெறுங்காலில் ஏறுங்கள். முதல் வாரம் பாதம் மேட்டை விட்டு எழும்பாமல் மேலும் கீழும் அசைந்தால் போதும்.

என் சிபாரிசு

உடம்புக்காக என்றால் சின்னதை வாங்குங்கள். மூட்டு நன்றாக இருக்கும் நாற்பதுக்குக் கீழ் உள்ளவர்கள் அதையும் வாங்காமல், கயிறு தாண்டுவதையும் மேடு ஏறுவதையும் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கும் ஏற்றம் இதயத்துக்குக் கொடுக்கும் வேலையை எந்த இயந்திரமும் இலவசமாகக் கொடுக்காது. இறக்கத்தில் முழங்கால் வலிப்பவர்களுக்கு மட்டும் அது சரிவராது, அவர்களுக்குத்தான் ரெபவுண்டர் உண்மையிலேயே ஒரு வரம்.

பிள்ளைகளுக்காக என்றால், 23 அடி தட்டை நிலமும், கூடவே நின்று பார்க்கப் பெரியவர் ஒருவரும் இருந்தால் மட்டும் பெரியது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பணத்தை வைத்துவிட்டு, லீவில் பெங்களூரு போகும்போது டிராம்போலின் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கேயும் ஒரு சதுரத்துக்கு ஒருவர் என்ற விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு நான் வாங்கச் சொல்லமாட்டேன். விருந்தாளியின் பிள்ளைகள் ஐந்து பேர் ஒன்றாக ஏறும்போது, இறங்கச் சொல்லும் அதிகாரம் நமக்குக் கிடையாது. கால் முறிந்தால் பொறுப்பு மட்டும் நம்முடையது.

பழையதாக வாங்க நினைத்தால் சட்டத்தை மட்டும் பழையதாக வாங்கலாம். கால் குழாய்கள் சேரும் இடத்தைத் தட்டிப் பாருங்கள், துரு செதிலாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் எல்லாம் ஒரே நீளமா என்று நான்கைந்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேட்டில் ஸ்பிரிங் மாட்டும் வளையங்களின் தையலை நகத்தால் கீறினால் நூல் வரக் கூடாது. வலையும் பேடும் எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும், அந்த விலையைச் சேர்த்த பிறகு பேரம் பேசுங்கள்.